ஓடையில் குறைந்த தண்ணீர் எங்கே போனது?

கேள்வி இது: ஆஸ்திரேலியாவில் சிட்னிக்குத் தெற்கே, குடிநீர் அணைகளுக்குத் தண்ணீர் தரும் காட்டுக்கு அடியிலேயே நிலக்கரி வெட்டுகிறார்கள். "ஓடைகளில் பாதிப்பு எதுவும் கண்டறியப்படவில்லை" என்று கண்காணிப்பு அறிக்கைகளில் வருகிறது. அவ்வளவு ஆழத்தில் வெட்டினால் மேலே இருக்கும் ஓடைக்கு என்ன ஆகும்? அதை எப்படி அளக்கிறார்கள்? அந்த அறிக்கைகளை நம்பலாமா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். "கண்டறியப்படவில்லை" என்றால் பாதிப்பே இல்லை என்றும் இருக்கலாம், கண்டுபிடிக்கிற அளவுக்கு யாரும் அளக்கவில்லை என்றும் இருக்கலாம். அறிக்கையின் முடிவுரையை மட்டும் படித்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நிலத்தடி நீர் வேலையில் இருக்கும் நான் இப்படிப்பட்ட அறிக்கை எது கைக்கு வந்தாலும் முதலில் ஒன்றைத்தான் தேடுவேன்: வெட்டத் தொடங்குவதற்கு முன்னால் எத்தனை ஆண்டு, எத்தனை இடத்தில், எத்தனை நாளுக்கு ஒருமுறை அளந்திருக்கிறார்கள்? அந்தப் பக்கம் மெலிந்திருந்தால் மற்ற பக்கங்கள் எவ்வளவு கனமாக இருந்தாலும் பயன் குறைவு.

இனி நிலத்துக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். அங்கே நிலக்கரி எடுக்கும் முறைக்கு லாங்வால் என்று பெயர். சில கிலோமீட்டர் நீளமும் 150 முதல் 300 மீட்டர் அகலமும் உள்ள ஒரு துண்டை ஒதுக்கி, அதன் குறுக்கே ஓர் இயந்திரம் முன்னும் பின்னும் ஓடி நிலக்கரியைச் சீவிக்கொண்டே போகும். ஆட்களின் தலைக்கு மேல் இருக்கும் பாறையை ஹைட்ராலிக் தாங்கிகள் பிடித்துக்கொள்ளும். வெட்டு முன்னேற முன்னேறத் தாங்கிகளும் நகரும். பின்னால் விட்டுவந்த இடத்தில் கூரை இடிந்து விழும். அது விபத்து இல்லை, அந்த முறையே அப்படித்தான். கூரை விழுந்தால் அதற்கு மேலுள்ள பாறை தளர்ந்து விரிசல் விடும், அதற்கும் மேலுள்ளது வளையும், கடைசியில் நிலத்தின் மேற்பரப்பே இறங்கும். சில இடங்களில் அந்த இறக்கத்தை மீட்டரில்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

நிலம் சீராக இறங்கிவிட்டால் ஓடைக்கு அவ்வளவு சிக்கல் இல்லை. ஆனால் சிட்னிக்குத் தெற்கே உள்ள வோரனோரா பீடபூமி ஹாக்ஸ்பரி மணற்கல்லால் ஆனது. ஓடைகள் அந்தக் கல்லை ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. அந்தப் பாறைக்குள் இயற்கையாகவே கிடைமட்ட அழுத்தம் அதிகம். அடியில் வெட்டும்போது பள்ளத்தாக்கின் இரு கரைகளும் ஒன்றை நோக்கி ஒன்று நெருங்கும். இரண்டு பக்கமும் நெருக்கினால் நடுவில் இருப்பது எங்கே போகும்? ஓடைப்படுகை மேல்நோக்கிப் புடைத்து உடைகிறது. மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 10, 20 மீட்டர் ஆழம் வரை விரிசல்கள் பின்னிக்கொள்கின்றன. ஓடைத் தண்ணீர் அதற்குள் இறங்கிவிடுகிறது. மேலே நின்று பார்ப்பவருக்கு நேற்றுவரை தண்ணீர் நின்ற மடு இன்று வெறும் பாறை.

இப்படி நடந்த இடங்கள் ஊரறிந்தவை. 1990களில் கேட்டராக்ட் ஆற்றின் அடியில் வெட்டியபோது படுகை வெடித்து நீரோட்டம் குறைந்தது, ஆற்றுநீரில் வாயுக் குமிழ்கள் கிளம்பின. 2000களின் நடுவில் ஹெலன்ஸ்பர்க் ஊரிலுள்ள மெட்ரோபாலிட்டன் சுரங்கத்துக்கு மேலே ஓடும் வாரட்டா ஓடையில் பாறைகள் பிளந்தன, மடுக்கள் வடிந்தன, கீழே காவி நிறத் தண்ணீர் வெளிவந்தது. அந்த ஓடை வோரனோரா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, அங்கிருந்து சிட்னியின் தெற்குப் பகுதிக்குக் குடிநீர் போகிறது. விரிசல்களில் பாலியூரித்தேன் பசையை ஊசிபோல் செலுத்தி அடைக்கும் வேலையும் அங்கே நடந்தது. 2006 இறுதியில் நியூ சவுத் வேல்ஸ் அரசு ஒரு தனி விசாரணைக் குழுவை அமைத்தது. பேராசிரியர் புரூஸ் ஹெபில்வைட் தலைமையிலான அந்தக் குழு 2008இல் தந்த அறிக்கைதான் இன்றைய கண்காணிப்பு முறைகள் பலவற்றுக்கு அடித்தளம். முக்கியமான ஓடைகளுக்கும் சதுப்புகளுக்கும் வெட்டுவதற்கு முன் குறைந்தது 2 ஆண்டு அடிப்படை அளவீடு வேண்டும் என்று அது கேட்டது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். விரிசலில் இறங்கும் தண்ணீருக்கு இரண்டு கதி உண்டு. ஒன்று, ஆழம் போகாமல் பாறைக்குள்ளேயே கொஞ்சதூரம் நடந்து, நூறு இருநூறு மீட்டர் கீழே அதே ஓடையில் திரும்ப வெளிவருவது. மீனுக்கும் தவளைக்கும் அது இழப்புதான், ஆனால் அணைக்குப் பெரிய இழப்பு இல்லை. மற்றது, மேலிருந்து இறங்கும் விரிசலும் சுரங்கத்திலிருந்து ஏறிவரும் விரிசலும் நடுவில் சந்தித்து, தண்ணீர் சுரங்கத்துக்குள்ளேயே போய்விடுவது. அது அணைக்கு வராது. ஆகவே "மடு வற்றியது" என்று சொல்வதோடு கண்காணிப்பு முடிந்துவிடக் கூடாது. வற்றிய தண்ணீர் எந்த வழியில் போனது என்பதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். இந்தக் கணக்குக்காகத்தான் ஓடையிலும் பாறையிலும் சுரங்கத்துக்கு உள்ளேயும் ஒரே நேரத்தில் அளக்கிறார்கள், அளக்க வேண்டும்.

ஓடையில் அளப்பது எளிது என்று தோன்றும். நடைமுறையில் அதுதான் கஷ்டம். ஓடைக்குக் குறுக்கே வீ வடிவ வெட்டு உள்ள ஒரு சிறு கலிங்கை வைத்து, வெட்டின் அடி முனைக்கு மேல் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று ஒரு உணரி பதிவு செய்யும். 90 பாகை வெட்டில் 10 சென்டிமீட்டர் உயரம் நின்றால் விநாடிக்குச் சுமார் 4.4 லிட்டர் ஓடுகிறது. 5 சென்டிமீட்டர் நின்றால் பாதி ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள், 0.8 லிட்டர்கூட ஓடாது. உயரத்தின் இரண்டரை அடுக்குக்கு (2.5 படிக்கு) ஏற்ப ஓட்டம் மாறுகிறது. அதனால் அந்த 5 சென்டிமீட்டரில் வெறும் 5 மில்லிமீட்டர் பிழை வந்தாலே, அதாவது ஒரு யூகலிப்டஸ் இலை வெட்டில் ஒட்டிக்கொண்டாலே, ஓட்டத்தின் கணக்கு ஏறத்தாழ கால் பங்கு தவறிப்போகும். சுரங்கத்தின் பாதிப்பு முதலில் தெரிவது கோடையின் சன்னமான நீரோட்டத்தில்தான். நம் கருவி தடுமாறுவதும் அதே இடத்தில்தான். வெள்ளத்தின்போது ஓட்டம் குறையவில்லை என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்து யாரும் சமாதானம் அடையக் கூடாது. வெள்ளத்தில் விரிசல் குடிக்கும் அளவு கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்று, கலிங்கை எங்கே வைக்கிறோம் என்பது. பாதிக்கப்பட்ட பகுதிக்கு உள்ளேயே வைத்தால், படுகைக்கு அடியில் போய்க் கீழே திரும்பி வரும் தண்ணீரை அது தவறவிடும். இழப்பு மிகையாகத் தெரியும். வெகுதூரம் கீழே வைத்தால் பாதிக்கப்படாத கிளை ஓடைகளின் தண்ணீரும் கலந்துவிடும். இழப்பு கரைந்து மறையும். இரண்டு இடத்திலும் வைப்பதுதான் நேர்மை.

மடுக்களை அளப்பது எனக்குப் பிடித்த முறை. மணற்கல் ஓடைகளில் இயற்கையான பாறைத் தடுப்புகளுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நிற்கும். மழை நின்று, மேலிருந்து வரத்தும் நின்ற பிறகு மடு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். வெயில் குடிப்பது கோடையில் நாளுக்கு 5, 6 மில்லிமீட்டர் இருக்கலாம். பாறைக்குள் இயற்கையாகக் கசிவது கொஞ்சம் இருக்கும். வெட்டுவதற்கு முன் நாளுக்கு 10 மில்லிமீட்டர் இறங்கிய மடு, அடியில் இயந்திரம் கடந்துபோன பிறகு 60 மில்லிமீட்டர் இறங்கினால் அதற்கு வெயில் காரணம் இல்லை. இது மழை குறைவு என்ற சாக்கை எளிதில் தாண்டிவிடும் அளவீடு. ஒரு பதிவுக் கருவியும் பொறுமையும் இருந்தால் போதும்.

தண்ணீரின் குணமும் சாட்சி சொல்லும். புதிதாகப் பிளந்த மணற்கல்லில் இரும்புக் கார்பனேட்டும் இரும்புச் சல்பைடும் முதன்முறையாக நீரையும் காற்றையும் சந்திக்கின்றன. கரைந்த இரும்போடும் மாங்கனீசோடும் தண்ணீர் கீழே வெளியே வரும். வெளியே ஆக்சிஜன் பட்டதும் இரும்பு துருவாகிப் படியும், இரும்பு பாக்டீரியாக்கள் கூழ்போலப் பாறைமேல் படரும். ஓடை காவி உடுத்தியதுபோல இருக்கும். மின்கடத்துதிறன், கார அமில நிலை, கரைந்த ஆக்சிஜன் ஆகியவற்றை அந்த இடத்திலேயே அளந்துவிட வேண்டும். கரைந்த உலோகங்களுக்கான மாதிரியை ஓடைக்கரையிலேயே வடிகட்டி அமிலம் சேர்க்க வேண்டும். குப்பியை அப்படியே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் வழியிலேயே இரும்பு படிந்துவிடும், "கரைந்த இரும்பு குறைவு" என்ற முடிவு வரும். அதே சமயம், காவி நிறத்தைக் கண்டவுடன் சுரங்கத்தைக் குற்றம் சொல்லவும் முடியாது. சுரங்கமே இல்லாத மணற்கல் ஊற்றுகளிலும் அது உண்டு. வெட்டுவதற்கு முன் எடுத்த அளவும் படமும் இல்லாவிட்டால் இரு தரப்பும் காலம் முழுவதும் வாதாடிக்கொண்டே இருக்கலாம்.

இனிப் பாறைக்குள். துளையிட்டு, ஒரே துளையில் பல ஆழங்களில் அழுத்த உணரிகளை இறக்கி, சிமென்ட் கூழால் மூடிவிடுவார்கள். அதிர்கம்பி பீசோமீட்டர் என்று பெயர். ஒவ்வொரு உணரியும் தன்னைச் சுற்றியுள்ள பாறைத் துளைகளில் நீர் எவ்வளவு அழுத்தத்தோடு இருக்கிறது என்று சொல்லும். எடுத்துக்காட்டாக, நீர்மட்டம் 20 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, உணரி 100 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீர் அசையாமல் நின்றால் உணரி 80 மீட்டர் நீருக்குச் சமமான அழுத்தம் காட்ட வேண்டும். வெட்டு கடந்த பிறகு அது 30 ஆகிவிட்டது, ஆனால் மேலே உள்ள நீர்மட்டம் அப்படியே இருக்கிறது என்றால் என்ன பொருள்? அடியிலிருந்து யாரோ உறிஞ்சுகிறார்கள், மேலே இருக்கும் நீர் இன்னும் இறங்கி முடியவில்லை. ஊர்க்கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டம் மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. மேல்மட்டக் கிணறு குறையவில்லை என்பதைக் காட்டி "நிலத்தடி நீருக்குப் பாதிப்பில்லை" என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியாது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது விரிசல் விட்ட பாறைக்குப் பொருந்தாது. 50 மீட்டர் தள்ளி இரண்டு துளை போட்டால் ஒன்று விரிசலில் விழும், மற்றொன்று கெட்டிப் பாறையில் நிற்கும். பாறை நகரும்போது உணரியின் கம்பி அறுந்துபோவதும் உண்டு. எந்த மாதத்தின் அளவு மிக அவசியமோ அந்த மாதத்திலேயே வரைபடத்தில் இடைவெளி விழும். அதனால்தான் வெட்டிய பிறகு அதே இடத்தில் இன்னொரு துளை போட்டு, பாறையின் நீர் கடத்தும் தன்மையை முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். செலவு அதிகம், ஆனால் விரிசல் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று இல்லை.

அந்த உயரம்தான் முழுப் பிரச்சினையின் மையம். துண்டின் அகலம், வெட்டும் உயரம், மேலே இருக்கும் பாறையின் ஆழம் ஆகிய மூன்றும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. மெட்ரோபாலிட்டன் சுரங்கம் பல துண்டுகளை 163 மீட்டர் அகலத்தில் வெட்டியது. உலன்காங் நகருக்கு மேற்கே உள்ள டென்ட்ரோபியம் சுரங்கம், ஏவன், கோர்டோ நீர்த்தேக்கங்களின் நீர்ப்பிடிப்பில், 305 மீட்டர் அகலத்தில், 4 மீட்டர் அளவு உயரமுள்ள நிலக்கரியை, குறைந்த ஆழத்தில் வெட்டியது. இரண்டையும் "லாங்வால் சுரங்கம்" என்ற ஒரே பெயரில் பேசுவது குழப்பத்தில்தான் முடியும். டென்ட்ரோபியத்தில் சுரங்கத்துக்குள் வரும் நீரின் அளவு சில பகுதிகளில் மேலே பெய்யும் மழையைத் தொடர்ந்து ஏறி இறங்கியது. பெருமழைக்குப் பின் சுரங்கத்து நீர் கூடுகிறது என்றால் மேலுக்கும் கீழுக்கும் தொடர்பு இருக்கிறது.

இதை அறிய சுரங்கத்துக்கு உள்ளேயே கணக்கு வைக்க வேண்டும். பம்பு செய்து வெளியேற்றிய நீரிலிருந்து, இயந்திரங்களுக்காக உள்ளே கொண்டுபோன நீரைக் கழிக்க வேண்டும். நிலக்கரியோடும் காற்றோட்டத்தோடும் வெளியேறிய ஈரத்தைச் சேர்க்க வேண்டும். மீதிதான் பாறையிலிருந்து வந்தது. பிறகு அந்த நீரின் வயதைப் பார்ப்பார்கள். டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. 1950, 60களின் அணுகுண்டு சோதனைகளுக்குப் பின் பெய்த மழையில் அது தெரியும்படி இருக்கும். அதற்கு முன் பெய்து பாறைக்குள் போன நீரில் இப்போது அநேகமாக எதுவும் மிஞ்சியிருக்காது. சுரங்கத்து நீரில் டிரிட்டியம் கிடைத்தால் அண்மைக் கால மழைநீர் உள்ளே வந்திருக்கிறது. கிடைக்காவிட்டால் தொடர்பே இல்லை என்று அர்த்தமா? இல்லை. மேலிருந்து இறங்கும் புதுநீர், வழியில் காலங்காலமாகத் தேங்கிய பழைய நீரை முன்னால் தள்ளிக்கொண்டு வரும். முதலில் சுரங்கத்துக்குள் விழுவது அந்தப் பழைய நீர்தான். புதுநீரின் முறை பிறகு வரும்.

மழைக்கு வருவோம். 2017 முதல் 2019 வரை நியூ சவுத் வேல்ஸில் கடும் வறட்சி. அந்தக் காலத்தில் எந்த ஓடை வற்றியது, எது வற்றவைக்கப்பட்டது? இதைப் பிரிக்க ஒரே வழி, சுரங்கம் எட்டாத, ஆனால் அதே பாறையும் அதே மழையும் உள்ள ஒப்பீட்டு ஓடைகளை அதே கருவியால் அளப்பதுதான். இரண்டும் சேர்ந்து இறங்கினால் வானம் காரணம். ஒன்று மட்டும் இறங்கினால் நிலம் காரணம். மழையையும் ஆவியாதலையும் வைத்து ஓட்டத்தைக் கணிக்கும் கணினி மாதிரிகளும் உண்டு. வெட்டுவதற்கு முந்தைய ஆண்டுகளில் மாதிரியைப் பழக்கிவிட்டு, பிந்தைய ஆண்டுகளில் "இவ்வளவு ஓடியிருக்க வேண்டும், இவ்வளவுதான் ஓடியது" என்று பார்ப்பார்கள். முந்தைய 2 ஆண்டும் நல்ல மழை ஆண்டுகளாக அமைந்துவிட்டால் மாதிரிக்கு வறட்சி என்றால் என்னவென்றே தெரியாது. அதனால்தான் 2 ஆண்டு என்பதை நான் குறைந்தபட்சமாக மட்டுமே பார்க்கிறேன். 5 ஆண்டு இருந்தால் நிம்மதியாகப் பேசலாம்.

மேட்டுச் சதுப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பீடபூமியின் தலைப்பகுதியில் மணலும் மக்கிய தாவரமும் கலந்த மண், மழைநீரைப் பஞ்சுபோலப் பிடித்துவைத்துக் கோடையில் சிறிது சிறிதாக ஓடைக்கு விடுகிறது. அதன் அடிப்பாறை விரிந்துவிட்டால், மழைக்கு நீர்மட்டம் ஏறும், சில நாளில் விழுந்துவிடும். ஆழமில்லாத பீசோமீட்டரில் இந்த மாற்றம் கத்தியால் வெட்டியதுபோலத் தெரியும். ஆனால் செடிகள் மாறப் பல ஆண்டுகள் ஆகும். தாவரக் கணக்கெடுப்பை மட்டும் பார்த்து "சதுப்பு நன்றாக இருக்கிறது" என்று எழுதிவிடலாம், அப்போது தண்ணீர் ஏற்கெனவே போயிருக்கும். பஞ்சை ஒட்டுப்போடும் வழி இதுவரை யாரிடமும் இல்லை.

கண்காணிப்புத் திட்டங்களில், அளவு இந்தக் கோட்டைத் தாண்டினால் இன்ன நடவடிக்கை எடுப்போம் என்று படிப்படியாக எழுதிவைத்திருப்பார்கள். ஒழுங்கான ஏற்பாடு. ஆனால் படித்துப் பார்த்தால் பெரும்பாலான நடவடிக்கைகள் "மேலும் அளப்போம், அதிகாரிகளுக்குத் தெரிவிப்போம், ஆய்வு செய்வோம்" என்பவையே. படுகை உடைவது இயந்திரம் அடியில் கடக்கும் நாட்களில். தரவைத் தொகுத்து அறிக்கை வருவது மாதங்கள் கழித்து. அதற்குள் வெட்டு அடுத்த துண்டுக்குப் போயிருக்கும். ஓடையைக் காப்பாற்றுவது விலகி வெட்டுவதும் குறுகலாக வெட்டுவதும்தான், அளவீடு அதைச் செய்யாது. அந்த விலகலும் அகலமும் போதுமா என்று அடுத்த துண்டுக்கு அனுமதி தருவதற்கு முன் சொல்வதுதான் அளவீட்டின் வேலை. அப்படி முடிவை மாற்றிய கண்காணிப்பும் உண்டு. டென்ட்ரோபியத்தில் சேர்ந்த சான்றுகளைப் பேராசிரியர் ஜிம் கால்வின் தலைமையிலான வல்லுநர் குழு 2018, 2019இல் அலசியது. அந்தச் சுரங்கத்தின் விரிவாக்கத் திட்டத்தைச் சுயேச்சையான திட்டமிடல் ஆணையம் 2021 பிப்ரவரியில் நிராகரித்தது. நீர்ப்பிடிப்புக்கு மீளமுடியாத சேதம் வரலாம் என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. பிறகு திருத்திக் கொண்டுவந்த திட்டத்தை 2022 ஆகஸ்டில் நிறுவனமே கைவிட்டது.

நம் ஊரோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு இருக்கும் ஆர்டீசியன் நீரைப் பம்பு செய்து குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே மேலே கிளம்பிவிடும். ஆகவே அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: நீரழுத்தம் எவ்வளவு தூரம் வரை குறைந்திருக்கிறது? பாறை விரிசலும் ஓடை வற்றலும் தெலங்கானாவின் கோதாவரிப் பள்ளத்தாக்கு, ஜார்க்கண்ட் போன்ற நிலத்தடிச் சுரங்கப் பகுதிகளுக்குத்தான் நெருக்கமான விஷயம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை வழக்கமாக ஆண்டுக்கு 4 முறை அளக்கிறது. ஒரு மாவட்டத்தின் நீண்டகாலப் போக்கைப் பார்க்க அது உதவும். ஒரு சுரங்கத்துண்டு ஓடைக்கு அடியில் கடந்துபோகும் சில வாரங்களில் நடப்பதைப் பிடிக்க மணிக்கு ஒருமுறை பதியும் கருவிதான் வேண்டும்.

இனி அப்படி ஓர் அறிக்கை உங்கள் கைக்கு வந்தால், சுருக்கத்தை ஒதுக்கிவிட்டுப் பின்னிணைப்பிலிருந்து தொடங்குங்கள். ஒப்பீட்டு ஓடை எது, அதுவும் இடையில் சுரங்கத்தின் எல்லைக்குள் வந்துவிட்டதா என்று வரைபடத்தில் தேடுங்கள். தரவில் இடைவெளி விழுந்த தேதிகளை, இயந்திரம் அந்த இடத்தைக் கடந்த தேதிகளோடு ஒப்பிடுங்கள். ஆழத்து உணரிகளின் அழுத்தத்தைத் தனித்தனியாகக் காட்டியிருக்கிறார்களா, மேல்மட்டக் கிணறுகளோடு நிறுத்திவிட்டார்களா என்று பாருங்கள். சுரங்கத்துக்குள் வந்த நீரின் தினசரிக் கணக்கையும் மழைக் கணக்கையும் ஒரே தாளில் போடச் சொல்லுங்கள்.

சுரங்கம் மூடியபின் என்ன என்பதையும் கேளுங்கள். பம்புகளை நிறுத்தியதும் வெற்றிடத்தில் நீர் ஏறத் தொடங்கும், பாறைக்குள் அழுத்தம் மீளப் பல பத்தாண்டுகள் ஆகும். உலன்காங் பகுதிச் சுரங்கங்கள் பலவற்றின் வாயில் மலைச்சரிவிலேயே திறக்கிறது. வாயிலை வலுவாக அடைக்காவிட்டால் நீர் முழு உயரத்துக்கு ஏறாமல் அந்த வழியாக வடிந்துகொண்டே இருக்கும், மேலே உள்ள ஓடையும் இழந்துகொண்டே இருக்கும். கடைசி லாரி போனபிறகும் அந்தப் பீசோமீட்டர்களை யார் படிப்பார்கள், அதற்கான பணம் இப்போதே எடுத்துவைக்கப்பட்டிருக்கிறதா என்பது அனுமதி தரும் நாளிலேயே எழுத்தில் இருக்க வேண்டும்.